தணலில் நிமிர்ந்து நிற்கும் கோழி

மன்னாரில் வெட்டவெளியில் கோழி சுடுகிறவர் முதலில் காற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் காரணமில்லாமல் அங்கே நிற்கவில்லை. சோளகம் பிடித்துவிட்டால் பேசாலைக் கரையில் ஒரு தீக்குச்சியைப் பற்றவைப்பதே பெரும்பாடு. அந்தக் காற்றுக்குள், முழுக் கோழியொன்றைப் பியர் ரின்னின்மேல் இருத்தி, தோல் எங்கும் ஒரே நிறமாகச் சிவக்கச் சுட்டு எடுக்கிறவருக்கு நான் எழுந்து நின்று மரியாதை செய்வேன்.

இந்தப் பாணி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்து வந்தது. சமையல் எழுத்தாளர் ஸ்டீவன் ரைக்லன் 2002இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்ட பிறகு இன்னும் பரவியது. பாதி பியரைக் குடித்துவிட்டு, மீதியோடு ரின்னைக் கோழியின் வயிற்றுக்குள் சொருகி, மூடிபோட்ட அடுப்பில் நிற்கவைக்க வேண்டும். பியர் கொதித்து ஆவியாகி, உள்ளிருந்தே இறைச்சியை ஈரமாக வைத்திருக்கும் என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. நெஞ்சிறைச்சி வெந்து முடிய 74 பாகை செல்சியஸ் போதும். பியர் கொதிக்கக் கிட்டத்தட்ட 100 பாகை வேண்டும். ரின்னைச் சுற்றிலும் குளிர்ந்த இறைச்சி வேறு. கோழி இறங்கும் நேரத்தில் ரின்னுக்குள் பாருங்கள்: ஊற்றிய பியர் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், மேலே உருகிய கோழிக்கொழுப்பு மிதக்கும்.

அப்படியானால் ருசி எங்கிருந்து வருகிறது? கோழி நிற்பதில் இருந்துதான். படுத்துக் கிடக்கும் கோழிக்கு முதுகுப்புறம் வெளுத்து ஊறிப்போய்விடும். நிற்கும் கோழிக்கு எல்லாப் பக்கமும் அனல் படுகிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு உருகி வழிந்து, போகிற வழியெல்லாம் தோலை முறுக வைக்கிறது. தொடைகள் தணலுக்குக் கிட்ட இருப்பதால் முந்தி வேகின்றன. நெஞ்சு சற்றே உயரத்தில் காயாமல் தப்புகிறது. இவ்வளவுக்கும் ரின் வெறும் பீடம். அதன் வெளிப்புறம் மையச்சு, உட்புறம் பூச்சு. அடுப்பில் வைக்க எனக்கு மனமில்லை. எவர்சில்வர் பேணி போதும், அதற்குள் பச்சைத் தண்ணீர் இருந்தாலும் போதும். மதுவைத் தொடாத வீடுகளிலும் இந்தக் கோழி குறையில்லாமல் நிற்கும்.

பியருக்கு உரிய இடம் கோழியின் வெளிப்புறம். உள்ளி, இஞ்சி, மிளகு, செத்தல் மிளகாய், உப்பு எல்லாம் அரைத்து, பியரில் கரைத்து, இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். வேகும்போது இடைக்கிடை பியரைத் தொட்டுப் பூச வேண்டும். இறைச்சி ஊறிய சாற்றை அல்ல, புதிதாக ஊற்றியதை. பியரில் உள்ள மோல்ட் இனிப்பு அனலில் சிவந்து தோலில் பளபளப்பாகப் படியும்.

ஆனால் பனை நிறைந்த தீவில் எதற்குப் போத்தலையும் ரின்னையும் தேடி அலைய வேண்டும்? மன்னாரின் பியர் மரத்திலேயே ஊறுகிறது. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கினால் கருப்பநீர். பூசாத முட்டியில் இறங்கினால் கள்ளு. காலையில் இறக்கிய பனங்கள்ளில் இனிப்பு இன்னும் மிச்சம் இருக்கும், புளிப்பு அப்போதுதான் தலைகாட்டும். அந்த இனிப்பு தோலைச் சிவக்க வைக்கிறது, அந்தப் புளிப்பு இறைச்சியை இளக்குகிறது. அப்ப மாவைப் பொங்கவைக்கிற மதுவமும் அதே கள்ளில்தான் உயிரோடு இருக்கிறது. பின்னேரம் தவறணையில் வாங்கும் கள்ளில் புளிப்பு ஏறியிருக்கும். அதில் நெடுநேரம் ஊறிய கோழி மாவுபோல் உதிர்ந்துவிடும். பன்னாடையில் வடித்துத்தான் ஊற்ற வேண்டும். மிதக்கும் பூச்சியும் தூசும் தோலில் ஒட்டினால் கருகிக் கசக்கும்.

அடுப்புக்கு, நீளவாக்கில் பிளந்த தகரப் பீப்பாயில் சிரட்டைக்கரி. தணலில் சாம்பல் வெள்ளை பூத்த பிறகு அதை இரண்டு பக்கமாக ஒதுக்கி, நடுவில் கோழியை நிறுத்தி, மேலே பெரிய அலுமினியக் கிடாரம் ஒன்றைக் கவிழ்த்துவிடுகிறார்கள். சோளகம் தோற்பது இந்தக் கிடாரத்திடம்தான். பீப்பாயின் காற்றுப் பக்கத்துக்கு ஒரு பழைய தகரம் மறைப்பு. கிடாரத்தை அடிக்கடி தூக்கிப் பார்க்கிற கை கோழி சுட லாயக்கில்லாதது. ஒன்றேகால் கிலோக் கோழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தொடைமூட்டில் கத்தியை இறக்கினால் வடிகிற சாறு தெளிந்திருக்க வேண்டும், காலைப் பிடித்து அசைத்தால் மூட்டு கழன்றுவர வேண்டும். பிறகு பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் பேணி கையைச் சுட்டுவிடும், கவனம்.

ஊர்க்கோழி என்றால் முட்டையிடத் தொடங்காத பேடு மட்டும். முற்றிய சேவலைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள். பனங்கள்ளுக் காலத்தில் மன்னாருக்கு வருகிறவர்கள் பியரைச் சுமந்து வர வேண்டாம். காலைக் கள்ளும் அன்று அறுத்த கோழியும் மத்தியானத்துக்கு முன் ஒன்று சேரட்டும்.