தலையணை மந்திரம்

தலையணை மந்திரம் கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கிற சமாசாரம் என்றுதான் இத்தனை நாள் சொல்லி வந்தோம். ஏதாவது ஒரு குழந்தைச் சாமான் கடைக்குள் நுழைந்து பாருங்கள். பிறந்த மறுநாளே ஆரம்பித்துவிடுகிறது.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் குட்டி மெத்தை, கொசுவலை, பக்கத்துக்கு ஒன்றாக உருட்டுத் திண்டு, நடுவில் யானைப் படம் போட்ட தலையணை. பேர் வைக்கிற விசேஷத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் இதுதான். பக்கத்து ஷெல்ஃபில் கடுகுத் தலையணை. மண்டை உருண்டையாக வருமாம். அதற்கும் அடுத்து, நடுவில் குழி வைத்த மெமரி ஃபோம். எல்லா அட்டையிலும் குழந்தை சிரித்துக்கொண்டே தூங்குகிறது.

பிறந்த குழந்தையின் நீளத்தில் தலை மட்டுமே கால் பங்கு. நமக்கெல்லாம் எட்டில் ஒரு பங்குதான். பின்மண்டை வேறு துருத்திக்கொண்டிருக்கும். சும்மா படுத்தாலே தலையணை வைத்த மாதிரிதான். அதன் மேல் இன்னொன்றை வைத்தால் முகவாய் மார்பில் போய் இடிக்கும், மூச்சுக்குழாய் குறுகும். புரண்டு படுத்து மெத்தென்ற பஞ்சில் மூக்கு புதைந்தால், தலையைத் தூக்கி விலக்கிக்கொள்ளக் கழுத்தில் பலம் கிடையாது. அடுத்த அறைக்குச் சத்தம்கூடக் கேட்காது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் புதுப்பித்த விதிமுறையில், ஒரு வயது வரை தூங்குமிடத்தில் தலையணையோ மெத்தென்ற பொம்மையோ கூடாது. திண்டும்தான். அதே ஆண்டு நவம்பரில் அந்த ஊர் எஃப்.டி.ஏ., மண்டையை உருண்டையாக்கும் தலையணை இருந்தால் தூக்கிப் போடுங்கள், அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள் என்றது. நாம் கிஃப்ட் பேப்பர் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மல்லாந்தே படுப்பதில் பின்மண்டை கொஞ்சம் தட்டையாவது உண்மைதான். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போட்டு விளையாடவிட்டால் நல்லது. செலவு, ஒரு ஜமுக்காளம்.

நுகர்வோரே ராஜா என்று பி.காமில் படித்தேன். இந்த வியாபாரத்தில் ராஜாவுக்குப் பேச்சு வராது. வாங்குவது அத்தை, மெச்சுவது ஊர், படுப்பது வேறு ஆள். புகாரே வராத சரக்கை எந்தக் கம்பெனி திருத்தும்?

ஒன்றரை, இரண்டு வயதில் வாண்டே உங்கள் தலையணையைப் பிடுங்க ஆரம்பிக்கும். அப்போது வாங்கினால் போதும். 13-க்கு 18 அங்குலம் மாதிரி சின்னதாக, ஒல்லியாக இருக்கட்டும். கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. (பள்ளம் நிற்பதைத்தான் மெமரி என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.) மணி, குஞ்சலம், பட்டன் எதுவும் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

கடையில் இருப்பதெல்லாம் புசுபுசுவென்றுதான் இருக்கிறது. போடி இலவம் பஞ்சு வாங்கித் தைக்கக் கொடுப்பது உத்தமம். தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும், வெயிலில்தான் காயப்போட வேண்டும் என்பதால் உறை இரண்டாக இருக்கட்டும். இரண்டு விரல் கனம் போதும், இறுக்கித் தையுங்கள் என்று சொன்னால் தைப்பவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கூலியில் பேரம் பேசாதீர்கள்.