ஆற்றலும் அழுகையும்: ஒரு படக்கதையும் மணிமேகலையும்

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். தாய் தந்தையர் முதலிய சுற்றத்தாரை இழத்தலை இழவு என்றும், பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலை எய்தி வருந்துதலை அசைவு என்றும் பேராசிரியர் விளக்குவர். ஊரையும் உற்றாரையும் ஒருங்கே இழந்து வேற்றுப்புலத்தில் வாழ்வோனிடத்து இவ்விரண்டும் கூடி நிற்கும். அவன் மலையைப் பெயர்க்கும் வலிமையும் வானில் பறக்கும் வன்மையும் உடையவனாயின், அவனுக்கு அழுகை வாய்க்குமோ? அண்மையில் அமெரிக்கப் படக்கதை ஒன்றைப் படித்தபொழுது இவ்வினா எழுந்தது. படித்து முடித்த பின் நெடுநேரம் வேறு நூலை எடுக்க இயலவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

மீயாற்றல் படைத்த வீரர்களின் கதைகள் நம்மவர்க்குப் புதியன அல்ல. 1972 இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்க்கு அளித்தது. இவ்வகைக் கதைகள் மருட்கையிலும் பெருமிதத்திலும் தொடங்கி அவற்றிலேயே முடிவன. 1938 இல் ஜெரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைய, வெளிவந்த சூப்பர்மேனும் பெரும்பாலும் அத்தகையோனே. கிரிப்டான் என்னும் கோள் வெடித்துச் சிதறுமுன் தந்தையால் விண்கலத்தில் ஏற்றி விடுக்கப்பட்ட குழந்தை அவன். எனினும் அவ்விழப்பு அவன் வலிமைக்குக் காரணம் கூறும் முன்கதையாகவே பல காலம் நின்றது. அதனை எண்ணி எவரும் கலங்கியிரார்.

1960 நவம்பரில், சூப்பர்மேன் இதழின் 141 ஆம் எண்ணில், சூப்பர்மேன் கிரிப்டானுக்குத் திரும்பும் கதை வெளிவந்தது. எழுதியவர் சீகல், வரைந்தவர் வேய்ன் போரிங். காலத்தின் எல்லையைக் கடந்து, தான் பிறவாத முன்னைய நாளில், தன் கோளிலேயே வந்து இறங்குகிறான் தலைவன். செஞ்ஞாயிற்றின் ஒளியில் அவன் ஆற்றல் அனைத்தும் நீங்கிவிடுகிறது. அவன் உடையைக் கண்டோர் திரைப்படத்தில் நடிக்க வந்த துணைநடிகன் எனக் கருதுகின்றனர். தன் பெற்றோரின் திருமணத்தைக் காண்கிறான். தம் மகன் என்று அறியாத அவர்களோடு பழகுகிறான். லைலா லெரோல் என்னும் நடிகையைக் காதலிக்கிறான். கோள் அழியப்போவதை அறிந்த தந்தை, மக்களை ஏற்றிச் செல்லப் பெருங்கலம் ஒன்றைச் சமைக்க முனைகிறார். மகனும் துணை நிற்கிறான். கலம் இருந்த காண்டார் நகரையே பகைவன் ஒருவன் சுருக்கிக் கவர்ந்து செல்ல, அந்நம்பிக்கையும் அறுகிறது. காதலியோடும் பெற்றோரோடும் அங்கேயே மாய்வோம் எனத் தலைவன் துணிகிறான். அத்துணிவும் நிறைவேறவில்லை. படக்காட்சிக்கென அமைந்த ராக்கெட் எதிர்பாராது கிளம்பி அவனை விண்ணில் எறிகிறது. ஆற்றல் மீள்கிறது, ஊர் மீளவில்லை.

இக்கதையில் குறைகள் உள. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. வேற்றுலக விலங்குகளின் ஆரவாரம் சில இடங்களில் சுவையைக் கெடுக்கிறது. ஆயினும் அடிப்படை அமைப்பு ஆழமுடையது. அவன் வலிமை மண்ணுலகின் மஞ்சள் ஞாயிற்றால் வருவது. அயலூரில் கிடைத்த பொருள் அது. சொந்த ஊரில் அவன் பிறரைப் போன்ற ஒரு மனிதன். ஆகவேதான் அங்கே அவனால் அஞ்சவும் காதலிக்கவும் முடிகிறது. மருட்கைக்குரிய தலைவனை அழுகைக்குரியவனாக்க அவன் வலிமையைக் களைந்தாக வேண்டும் என்பதைச் சீகல் உணர்ந்திருந்தார்.

ஆசிரியர் வரலாற்றைக் கொண்டு நூலை அளத்தல் எப்பொழுதும் ஏற்றதன்று. ஈண்டு ஒரு செய்தி மட்டும் சுட்டத்தகும். யூதக் குடியேறிகளின் மகனான சீகல், ஷூஸ்டருடன் சேர்ந்து தம் படைப்பின் உரிமையை 130 டாலருக்கு விற்றவர்; 1947 இல் வழக்கிட்டு விலகியவர்; 1959 இல் மீண்டும் அக்கதைகளையே கூலிக்கு எழுத வந்தவர். அந்நாளில் அவர் பெயர் இதழில் அச்சாவதில்லை. தன் வீட்டிற்கே துணைநடிகனாகத் திரும்பிய தலைவனை அவர் எங்கிருந்து கண்டார் என வினவ வேண்டுவதில்லை.

இனி மணிமேகலைக்கு வருவோம். சாத்தனாரின் தலைவியும் வான்வழிச் செல்வாள், வேற்றுருக் கொள்வாள், பசியை வெல்வாள். இம்மூன்று மந்திரங்களும் அமுதசுரபியும் அவளுக்குப் புகாரில் கிடைத்தன அல்ல. தெய்வம் உறக்கத்தில் எடுத்துச் சென்று விடுத்த மணிபல்லவத் தீவில் கிடைத்தவை. விழித்தெழுந்து, தோழி சுதமதியைத் தேடி, மாண்ட தந்தையை நினைந்து அவள் கதறும் பகுதியே எட்டாம் காதை. அக்காதையின் பெயரிலேயே துயர் உண்டு. அப்பொழுது அவளிடம் எவ்வாற்றலும் இல்லை.

இருபத்தைந்தாம் காதையில் அதே தீவில், புகாரைக் கடல் கொண்டது எனத் தீவதிலகை உரைக்கிறாள். இந்திரவிழா மறந்தமையால் பிறந்து வளர்ந்த நகர் முழுதும் நீரில் மறைந்தது. தாய் மாதவியும் சுதமதியும் அறவணரோடு உயிர் பிழைத்தனர் என்பது உண்மையே. ஆயினும் ஊர் அழிந்தது. சாத்தனார் அவளை அழவிடவில்லை. அவள் வஞ்சிக்குப் பறந்து செல்கிறாள். சமயக் கணக்கர்தம் திறம் கேட்கிறாள். இதனைக் காப்பியத்தின் வறட்சி என்றே பல்லாண்டு வகுப்பில் கூறிவந்தேன். துறவை வற்புறுத்தும் நூல் உணர்ச்சியை நெரித்துவிட்டது என்பது என் கருத்தாக இருந்தது.

படக்கதையைப் படித்த பின் அக்கருத்தை அவ்வாறே கொள்ள இயலவில்லை. சீகல் ஆற்றலை முதலில் வைத்து, பின்னர் அதைக் களைந்து, அழுகையைப் பெற்றார். சாத்தனார் அழுகையை முதலில் முழுமையாக அளித்து, அதன்மேல் ஆற்றலை ஏற்றினார். எட்டாம் காதையை விரைந்து கடந்து இருபத்தைந்தாம் காதையில் கண்ணீரை எதிர்பார்த்தது என் பிழை. எனினும் முழு நிறைவும் இல்லை. ஓரிரு அடியேனும் அவள் பெயர்ந்து நோக்கியிருக்கலாம் என்னும் எண்ணம் இன்றும் உண்டு. பறம்பு மலையைத் திரும்பத் திரும்ப நோக்கிய கபிலரைப் படித்துப் பழகிய உள்ளம் அதனை நாடுவது இயல்பு.

அவள் பின்னர் வந்தடைந்த ஊர், இக்கட்டுரை எழுதப்படும் காஞ்சி. வற்கடத்தால் வாடிய நகரில் அமுதசுரபி கொண்டு உயிர்களின் பசி தீர்த்தாள். அங்கே மணிபல்லவத்தைப் போன்றதொரு பொய்கையும் பொழிலும் அமைந்தன. புத்த பீடிகையும், தீவதிலகைக்கும் மணிமேகலா தெய்வத்திற்கும் கோயில்களும் எழுந்தன. இது வியப்புக்குரியது. ஊர் இழந்தோர் புதிய இடத்தில் பழைய ஊரின் சாயலை அமைப்பது வழக்கம். சூப்பர்மேனும், 1958 இல் வெளிவந்த கதையில், சுருக்கப்பட்ட காண்டார் நகரை மீட்டுப் புட்டியில் வைத்துப் பனிவெளியிலுள்ள தன் கோட்டையில் காத்தான். மணிமேகலையின் காஞ்சியிலோ புகாரின் சாயல் ஒன்றும் இல்லை. அவள் இங்கு எழுப்பியது, ஆற்றல் பெறுமுன் தனியே நின்று அழுத தீவின் படிமம்.

இதனைச் சொன்னபொழுது, தறியருகே தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், அப்பொழில் நகரில் எங்கே இருந்தது என்று கேட்டார். புத்தர் திருவுருவங்கள் சில காஞ்சியில் கிடைத்துள்ளன; பொழில் இருந்த இடம் இன்னதெனச் சுட்ட ஒன்றும் எஞ்சவில்லை.