சம்பிரதியும் ஆசாரியனும்: அறநிறுவனக் கணக்கும் தலைவர்களின் ஊதியமும்

காணிக்கை கொடுப்பதைப் பற்றி நம் பிரசங்க பீடங்களிலிருந்து அடிக்கடி பேசுகிறோம். கொடுக்கப்பட்ட காணிக்கை யார் கையில் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பற்றிப் பேச நாணுகிறோம். ஓர் அறநிறுவனத் தலைவரின் ஊதியத்தை வெளிப்படையாகக் கேட்பது பண்பற்ற செயல் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் திருமறைக்கு இசைந்ததுதானா? இதனை ஆராய அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் நமக்குப் பெரிதும் துணைசெய்யும். அங்கே சட்டம் அறநிறுவனங்களிடம் இக்கணக்கைக் கேட்கிறது, திருச்சபைகளிடம் கேட்பதில்லை. இரண்டும் அருகருகே நிற்பதால் ஒப்பிட்டு நோக்க இடமுண்டு.

அந்நாட்டில் வரிவிலக்குப் பெற்ற பெரிய அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் 990 என்னும் எண்ணுடைய படிவத்தை வரித்துறைக்கு அளிக்கவேண்டும். வரவு செலவு மட்டுமன்று. நிர்வாகக் குழுவினர், முதன்மை அலுவலர் ஆகியோரின் பெயர்களும், அவரவர் பெறும் ஊதியமும் அதில் எழுதப்படுகின்றன. தனிமனிதர் வரித்துறைக்குத் தரும் கணக்கு மறைவானது. இப்படிவமோ பொது ஆவணம். யார் கேட்பினும் கடந்த மூன்று ஆண்டுகளின் படிவங்களைக் காட்ட நிறுவனம் கடமைப்பட்டுள்ளது. வரிவிலக்கு என்பது பொதுமக்கள் அனைவரும் மறைமுகமாகத் தரும் கொடையாதலின், கொடுத்தவர் கணக்குக் கேட்பது முறையே.

இதன் தேவையை 1992-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று விளக்கும். யுனைட்டெட் வே என்னும் அமைப்பு, தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து பிடித்துக் கொடுக்கும் சிறு தொகைகளால் வளர்ந்தது. அதன் தேசியத் தலைவராக 22 ஆண்டுகள் பணியாற்றிய வில்லியம் அராமனி, ஊதியமும் சலுகைகளுமாக ஆண்டுக்கு 4,63,000 டாலர் பெற்றதும், அவருடைய ஆடம்பரச் செலவுகளும் செய்தித்தாள்களில் வெளியாயின. அவர் பதவி விலகினார். 1995-இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நீதிமன்றம் தண்டித்தது அவருடைய ஊதியத்தை அன்று. அறநிதியைத் தம் சொந்தக் காரியங்களுக்குப் பயன்படுத்திய மோசடியையே. ஆயினும் குற்றமற்ற உள்ளூர்க் கிளைகளின்மீதும் பழி விழுந்தது.

1996-இல் இயற்றப்பட்ட சட்டம், நியாயத்துக்கு மிஞ்சிய ஊதியம் பெறும் தலைவர், மிகையான தொகையின்மீது 25 சதவீதம் வரி செலுத்தவேண்டும் என்று விதித்தது. ஆனால் நியாயம் எது? ஒத்த நிறுவனங்களின் தலைவர்கள் என்ன பெறுகின்றனர் என்பதே அளவுகோல். இங்கேதான் சட்டத்தின் குறை தெரிகிறது. ஒருவரைப் பார்த்து மற்றவர் உயர, அவரைப் பார்த்து இவர் உயரலாம். இருவரும் சட்டப்படி நியாயவான்களே. வெளிப்படைத்தன்மை உண்மையைக் காட்டும், மனநிறைவைக் கற்பிக்காது.

இனி, திருச்சபைகளுக்கு வருவோம். இப்படிவத்தை அளிக்கும் கடமையிலிருந்து அவை விலக்கப்பட்டுள்ளன. அரசு சபையின் உள்விவகாரங்களில் நுழையலாகாது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இதனை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அரசுகள் கணக்கைக் காரணங்காட்டிச் சபைகளை நெருக்குவதும் உண்டு. 2007-இல் செனட்டர் சார்லஸ் கிராஸ்லி ஆறு தொலைக்காட்சி ஊழியங்களிடம் கணக்குக் கேட்டபோது, இரண்டே முழுமையாக ஒத்துழைத்தன. 2011-இல் அவ்விசாரணை தண்டனை எதுவுமின்றி முடிந்தது. அதன்பின் அமைந்த ஆய்வுக்குழுவும் சபைகளைப் படிவமளிக்கக் கட்டாயப்படுத்த வேண்டா என்றே 2012-இல் பரிந்துரைத்தது.

ஆயினும் இவ்வாதம் அரசின் கட்டாயத்துக்கு எதிரான வாதமேயன்றி, காணிக்கை கொடுத்த விசுவாசிக்கு மறைப்பதற்கான வாதம் அன்று. பில்லி கிரகாமின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. 1948-இல் மொடெஸ்டோ நகரில் அவரும் உடனூழியரும் பணவிஷயத்தில் ஐயத்துக்கு இடங்கொடாதிருக்க உறுதி பூண்டனர். பின்னர் அவர் அன்பின் காணிக்கைகளை விடுத்து, தம் சங்கத்தின் வழியாக வரையறுத்த ஊதியம் பெறலானார். அத்தகையவருடைய ஊழியத்திலேயே, பொதுமக்கள் அறியாத இரண்டு கோடி டாலருக்கு மேற்பட்ட நிதியம் ஒன்று இருந்தது 1977-இல் செய்தித்தாள் வழியாக வெளிப்பட்டது. நிதி திருடப்படவில்லை; அறிவிக்கப்படாதிருந்ததே குறை. 1979-இல் நற்செய்தி ஊழியங்களின் நிதிப்பொறுப்பைக் காக்கும் மன்றம் ஒன்று தோன்றியபோது அச்சங்கமும் அதில் சேர்ந்தது. பிற்காலத்தில் அதே சங்கம் திருச்சபைகளின் கூட்டமைப்பு என்னும் வகைக்கு மாறி, 990 படிவம் அளிக்கும் கடமையிலிருந்து விலகியது. இது சட்டத்துக்கு உட்பட்டதே. எனினும் தலைவரின் ஊதியத்தை எவரும் படித்தறியும் வழி இதனால் அடைபட்டது. ஏனெனில் தணிக்கை அறிக்கைகளில் பொதுவாகத் தனியொருவரின் ஊதியம் காணப்படுவதில்லை.

திருமறை நமக்குக் காட்டும் வழி என்ன? 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில், ஆலயப் பழுதுபார்க்கும் வேலையாட்களுக்குப் பணங்கொடுத்தவர்களிடம், அவர்கள் உண்மையாய் நடந்தபடியால், கணக்குக் கேட்கவில்லை என்று வாசிக்கிறோம். ஊழியரிடம் கணக்குக் கேட்கலாகாது என்பதற்கு இவ்வசனம் துணையாகக் கொள்ளப்படுவதுண்டு. ஆனால் அதிகாரத்தை முழுமையாக வாசித்தல் வேண்டும். யோவாசின் 23-ஆம் ஆண்டுவரை பணம் ஆசாரியரிடம் இருந்தது, ஆலயமோ பழுதுபார்க்கப்படவில்லை. அதனாலேயே மூடியில் துவாரமிட்ட பெட்டி பலிபீடத்தின் அருகே வைக்கப்பட்டது. நிறைந்த பெட்டியைப் பிரதான ஆசாரியன் தனியாக எண்ணவில்லை. ராஜாவின் சம்பிரதியும் உடனிருந்து எண்ணினான். நம்பிக்கை கீழே பணிசெய்தோர்க்கு அளிக்கப்பட்டது. கண்காணிப்பு மேலே இருந்தோர்க்கு விதிக்கப்பட்டது. நாமோ இதைத் தலைகீழாக்கி, கடைநிலை ஊழியரிடம் காசுக்கும் சீட்டுக் கேட்டுத் தலைவரை நம்பிக்கையின் பேரில் விட்டுவிடுகிறோம்.

பரிசுத்த பவுலும் எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைத் தாம் மட்டும் கொண்டுசெல்லவில்லை. சபைகள் நியமித்தவர்களை உடன் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் செம்மையானதைச் செய்வதே தம் நோக்கம் என்று 2 கொரிந்தியர் 8:20-21-இல் விளக்குகிறார். தேவன் அறிவார் என்னும் விடை அப்போஸ்தலனுக்கே போதவில்லை. நமக்கு எங்ஙனம் போதும்?

நம் சேகரங்களில் ஆண்டுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும் நல்வழக்கம் உண்டு. இதனை நம் ஊழிய நிறுவனங்களின் தலைமைவரை உயர்த்தவேண்டும். தலைவரின் சம்பளம் மட்டுமன்றி வீடு, வாகனம், பயணப்படி ஆகியவற்றின் மதிப்பும் ஒரே தொகையாகக் காட்டப்படவேண்டும். அதை நிர்ணயித்தவர் யாவர், அவ்வேளையில் தலைவர் வெளியே இருந்தாரா என்பதும் எழுதப்படவேண்டும். ஒப்பிடுவதற்கு மற்றொரு நிறுவனத்தின் தலைவரைத் தேடவேண்டா. அதே நிறுவனத்தின் கிராம உபதேசியார் பெறும் தொகையை அதன் பக்கத்தில் எழுதுவோமாக. எந்தச் சட்டமும் இதை நம்மிடம் கேட்கவில்லை. கேளாமலே கொடுக்கப்படும் கணக்கே உக்கிராணத்துவத்துக்கு அடையாளம். கேட்டபின் கொடுப்பது வெறுங் கீழ்ப்படிதலே.