மனப்பாடமும் தகுதியும்

கள்ளக்குறிச்சியில் ஒருவர் “லாட்ஜ்” எங்கே என்று வினவினால், தங்கும் விடுதியைத்தான் காட்டுவர். பிரீமேசன் இயக்கத்தினர் கூடும் லாட்ஜைப்பற்றி இவ்வூரை முன்னிட்டு எழுதப்புகுவது வாசகருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் புதிதாய்ச் சேருவோரிடம் எவ்வளவு கல்வியை எதிர்பார்ப்பது என்று அவ்வியக்கத்தார் தமக்குள் நடத்திவரும் வாதம், கல்வராயன் மலைப்பகுதியில் ஞானோபதேசம் கற்பிப்போரையும் தொடுவதாகும்.

இவ்வியக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. ஆற்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உம்ரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்க்கப்பட்டார். இந்தியாவுக்கெனத் தனிப் பெரிய லாட்ஜ் 1961இல் அமைந்தது. அதன் முறையில் படிகள் மூன்று. முதற்படியில் உள்ளவர் இரண்டாம் படிக்கு ஏறுமுன், குறித்த வினாக்களுக்குக் குறித்த விடைகளைச் சபை நடுவே பாராமல் சொல்லவேண்டும். இரண்டாம் படியிலோ இலக்கணம், தருக்கம், வடிவகணிதம், வானநூல் முதலிய ஏழு கலைகளைக் கற்குமாறு அவருக்குப் புத்தி சொல்லப்படுகிறது. சோதிக்கப்படுவது மனப்பாடம், கற்கச் சொன்னதை எவரும் சோதிப்பதில்லை. இக்குறையைக் கண்ட சிலர், புதியவர் நூல்களைப் படித்துக் கட்டுரை எழுதவேண்டும் என்கின்றனர்.

இத்திருத்தம் நோயினும் கொடிய மருந்து என்பது என் கருத்து. பழைய முறையில் ஒரு நன்மை உண்டு: அது செவிவழி கேட்டு வாய்வழி சொல்வது, எழுத்தறியாதவனும் அதில் தேறலாம். வாசலை உண்மையில் அடைத்தவை ஆங்கிலச் சடங்குமொழியும், கட்டணமும், உறுப்பினரின் சிபாரிசும். கல்வித்தகுதி என்று பெயரிடாமலே இவை அவ்வேலையைச் செய்துவந்தன. (நம் கல்லூரிகளின் சேர்க்கைப் படிவங்களும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல.)

கல்வராயன் மலையில் ஜாகீர்தாரர் ஆதிக்கம் 1976இல்தான் முடிவுற்றது. பள்ளிப்படிப்பு அங்கு பிந்தியே ஏறிச்சென்றது. ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவரின் வழியினர் தாங்கள் என்னும் வரலாற்றை மலையாளிப் பழங்குடியினர் ஏட்டின் துணையின்றியே காத்துவந்திருக்கின்றனர். இத்தகையோரிடம் நினைவாற்றலை அறிவின் கீழ்ப்படி என்று எவ்வாறு சொல்வது?

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்ட லுத்தர், மக்களின் அறியாமையைக் கண்டு மனம் நொந்து, 1529இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். முதலில் மாறாத வாசகத்தைக் கற்பி, பிறகு பொருளை விளக்கு, அதன்பின் விரிவாகப் போதி என்பது அதன் முகவுரை காட்டும் ஒழுங்கு. சீகன்பால்கு அதைத் தரங்கம்பாடியில் தமிழாக்கினார். டேனிய மிஷனரிகளின் ஊழியத்தால் எழுந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் தென்னாற்காட்டில் அவ்வழி நின்றது. “இதன் பொருள் என்ன?” என்னும் வினா அந்நூலெங்கும் திரும்பத் திரும்ப வருகிறது. லாட்ஜின் வினாவிடையில் இல்லாத பெருஞ்சிறப்பு இது. ஆனால் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்கையில் நாம் செய்வதென்ன? அவ்வினாவின் விடையையும் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கச் சொல்லுகிறோம். இரண்டாம் படியும் முதற்படியாகிவிடுகிறது.

லுத்தர் கண்டிப்பானவர்தாம், கற்க மனமற்றோரை நற்கருணைக்குச் சேர்க்கலாகாது என்றார். அவர் தடுத்தது மனமற்றோரை, எழுத்தற்றோரை அன்று. வெள்ளிமலைப் பக்கத்து மூதாட்டி ஒருத்தி பரமண்டல ஜெபத்தின் ஒரு விண்ணப்பத்திற்குத் தன் மலைப்பேச்சில், தன் தினைக்காட்டையும் பசியையும் வைத்துப் பொருள் சொன்னால், புத்தகத்தைக் கையில் விரித்திருக்கும் உபதேசியார் அதற்கு எத்தனை மதிப்பெண் இடுவார்?