சாய்வெழுத்து எதற்காகச் சாய்ந்தது?

மின்னூல் என்று நாம் தரவிறக்கும் ஈபப் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. பெயரின் வாலை மாற்றிவிட்டுப் பிரித்தால் உள்ளே உள்ளதெல்லாம் கொட்டிவிடும். தான் இன்ன வகை என்று ஒரே வரியில் சொல்லும் சிறு கோப்பு பொதியின் தலையில் இருக்கும். அத்தியாயங்களை எந்த ஒழுங்கில் படிப்பது என்று சொல்லும் ஓபிஎஃப் கோப்பு ஒன்று, படங்கள், எழுத்துருக்கள், பிறகு வரிசையாக எச்டிஎம்எல் பக்கங்கள். அந்தப் பக்கங்களில் ஒன்றைத் திறந்து வாசித்தவர்களுக்குத்தான், அதிலிருந்து ஓர் ஆய்வு நூலுக்கான அச்சு மூலத்தை எடுப்பவரின் கைத்திறன் புரியும்.

பண்டாரவளைக் கடைவீதியில் மேல்மாடி அறையொன்றில் இந்த வேலையைச் செய்கிற தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். மலையகம் பற்றிய ஆய்வு நூல்கள்தாம் பெரும்பாலும் அவரிடம் வருகின்றன. நூல் எப்போதோ வெளிவந்திருக்கும். பக்கம் கட்டிய கோப்பு பழைய கணினியோடு போயிருக்கும். எங்கோ ஏற்றி வைத்த மின்னூல் மட்டும் மிஞ்சியிருக்கும். மறுபதிப்புக்கு அடிக்குறிப்பும் உசாத்துணையும் சொல்லடைவும் ஒழுங்காக உள்ள, லேடெக் என்ற பக்கம் கட்டும் மென்பொருளுக்கான ஒரு மூலம் வேண்டும். நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருப்பதால் அச்சுப் பக்கத்தின் படமாவது பலவற்றுக்குக் கிடைக்கிறது. படத்தை ஒரு பக்கமும் ஈபப்பை மறு பக்கமும் வைத்துக்கொண்டு அவர் உட்காருவார்.

வேலையின் முதற்பகுதி ஒரே கட்டளையில் முடிந்துவிடும். பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் என்ற இலவச மென்பொருள் ஈபப்பை வாங்கி லேடெக்காகத் துப்பும். தலைப்பு தலைப்பாக வரும், பட்டியல் பட்டியலாக வரும். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஈபப்புக்குத் தெரிவது, ஓர் எழுத்து எப்படித் தோன்ற வேண்டும் என்பது. அது ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது பல நேரம் அதற்குத் தெரியாது. ஒரு நூலில் சாய்வெழுத்து எத்தனை வேலை பார்த்தது என்று தம்பி எனக்குக் காட்டினார். நூற்பெயருக்கு அதுதான். ஆங்கிலச் சொல்லுக்கும் அதுதான். ஆசிரியர் அழுத்திச் சொன்ன இடத்திலும், படத்துக்குக் கீழே உள்ள விளக்கத்திலும், லயத்தில் பதிவு செய்த பாட்டியின் நேர்பேச்சிலும் அதே சாய்வு. ஈபப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே குறி. போதாததற்கு, பக்கவடிவமைப்பு மென்பொருளிலிருந்து இறங்கிய மின்னூல்களில் 'எழுத்து மாற்றம் 1', 'எழுத்து மாற்றம் 2' என்று எண் மட்டும் போட்ட வகுப்புகள் வேறு இருக்கும். வடிவமைத்தவர் ஒரு சொல்லின் இடைவெளியை ஒரு முறை இழுத்துவிட்டதற்கும் ஒரு வகுப்பு பிறந்திருக்கும். இவற்றில் எது பொருள், எது தூசி என்று மென்பொருள் சொல்லாது. தம்பி ஒவ்வொன்றாக வாசிக்கிறார். நூற்பெயருக்கு ஒரு கட்டளை, அயற்சொல்லுக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, தகவலாளியின் பேச்சுக்கு ஒரு சூழல். அவை அச்சில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் சொல்கிறார். தமிழ் எழுத்தைச் சாய்ப்பது நம் அச்சு மரபில் இல்லை. கணினி இழுத்துச் சாய்த்த தமிழெழுத்து எனக்குப் பார்க்கவே பிடிக்காது. இங்கே தலைப்பகுதியில் ஒரு வரியை மாற்றினால் நூல் முழுக்க நிமிர்ந்துவிடும்.

இந்தத் திறனை ரசிக்க பிடிஎஃப்பைப் பார்த்தால் போதாது, மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறும். அப்போது கோப்பையிலுள்ள சாயத்தை மட்டும் உறிஞ்சிப் பார்த்து எந்த ருசிபார்ப்பவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மூடியில் கவிழ்த்த ஊறிய இலையின் நிறத்தையும் அவர் பார்ப்பார். தம்பியின் மூலக் கோப்பும் அப்படித்தான். அச்சான நூலை வாங்குபவர் அதை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

அடிக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னூலுக்குப் பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே குறிப்புகள் அத்தியாயத்தின் கடைசியிலோ நூலின் கடைசியிலோ போய்க் குவிந்து கிடக்கும். வாசகத்தில் ஓர் எண், அங்கே ஓர் எண், நடுவில் ஓர் இணைப்பு. இணைப்பு சரியாக இருந்தால் பாண்டாக் குறிப்பை உரிய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். கையால் எண் தட்டிய மின்னூலில் அது நடக்காது; மனிதர்தான் கொண்டுவர வேண்டும். லேடெக் மூலத்தில் அடிக்குறிப்பு வாக்கியத்தின் உள்ளேயே, அது தொட்ட சொல்லின் பக்கத்திலேயே இருக்கும். எண் எங்கும் இராது. அதை அச்சுநேரத்தில் இயந்திரம் போட்டுக்கொள்ளும். இப்படி மூலத்தை வாசிக்கும்போது ஆசிரியர் உரக்கச் சொன்னதும் தாழ்குரலில் சேர்த்துச் சொன்னதும் ஒரே மூச்சில் கேட்கும். அச்சில் அந்த அனுபவம் கிடைக்காது, கண் கீழே போய்த் திரும்ப வேண்டும்.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பதிப்பில் '43ஆம் பக்கம் பார்க்க' என்று இருந்திருக்கும். மின்னூலிலும் அப்படியே இருக்கும், 43ஆம் பக்கம்தான் இராது. தம்பி நூலகத்திலுள்ள படப்பிரதியில் அந்தப் பக்கத்தைத் தேடுகிறார். ஆசிரியர் எந்தப் பந்தியை நினைத்துச் சொன்னார் என்று ஊகிக்கிறார். அங்கே ஓர் அடையாளம் நட்டு, இங்கிருந்து அதைச் சுட்டுகிறார். இனி எந்தப் பதிப்பில் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் எண் தானாக மாறும்.

தமிழென்று வரும்போது எழுத்திலேயே வேறு வில்லங்கங்கள். இலங்கையில் யூனிகோட் பரவுமுன் பாமினி எழுத்துருவில்தான் பெரும்பாலும் தட்டினோம். ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி: திரையில் 'தமிழ்' வந்துவிடும். அப்படித் தட்டிய நூலை மொத்தமாக மாற்றியபோது இடையிலிருந்த ஆங்கிலமும் சேர்ந்து மாறியிருக்கும். மலையக நூலொன்றில் 'வநய' என்று ஒரு சொல் வந்தால் யாரும் திகைப்பார்கள். தம்பி திகைக்கவில்லை, சிரித்தார். தேயிலைக்கான ஆங்கிலச் சொல்லின் மூன்றெழுத்தும் பாமினியில் 'வ', 'ந', 'ய' ஆகும். அந்த விசைப்பலகை விரலில் இருப்பவருக்குத்தான் இந்தச் சிரிப்பு வரும்.

கண்ணுக்கே படாதவையும் உண்டு. 'ஔவை' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சொல்லடைவில் வேறிடத்துக்குப் போய்விடும். 'ஸ்ரீ'யைக் குறிக்க யூனிகோடில் இரண்டு வழி, இரண்டும் அநேக எழுத்துருக்களில் ஒரே உருவம். கொம்பும் காலும் சேர்ந்த 'கொ'வை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். நல்ல மாற்றுநர் முதல் வேலையாக இவற்றை ஒரு நிலைக்குக் கொண்டுவருவார். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' என்பதற்கு மட்டும் குறுக்குவழி இல்லை. வாசித்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் எதற்கு, ஈபப்பையே அச்சடித்தால் என்ன என்று கேட்பவருக்கு ஒரு பந்தியை இரண்டு விதமாக அச்சிட்டுக் காட்டினால் போதும். 1977இல் தம் நூலின் இரண்டாம் பாகத்து மறுபதிப்புப் புரூப்பைப் பார்த்து கணினி அறிஞர் டொனால்ட் நூத்துக்கு மனம் வெறுத்துப்போயிற்று. அந்த வெறுப்பிலிருந்துதான் டெக் என்ற பக்கம் கட்டும் மென்பொருள் பிறந்தது. லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் கட்டியது லேடெக். நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட வரிமுறிப்பு முறை முழுப் பந்தியையும் ஒரே பார்வையில் பார்க்கும். கடைசி வரி அழகாக வருவதற்காக முதல் வரியையே கொஞ்சம் தளர்த்தும். 'பெருந்தோட்டத் தொழிலாளர்களுக்கிடையிலான' போன்ற நெடுஞ்சொற்கள் நிறைந்த நம் ஆய்வுத்தமிழுக்கு இது வரப்பிரசாதம். வரிக்கு வரி தனியாக முறித்தால் சொல்லிடைகள் வாய்பிளக்கும். ஜோனதன் கியூ 2004இல் தந்த ஸீடெக் வந்தபின் யூனிகோட் தமிழை நேரடியாகவே உள்ளே விடலாம். தமிழ்ச் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்ற விதிக்கோப்பைச் செய்தவர் மலையாளியான சந்தோஷ் தோட்டிங்கல். புள்ளியெழுத்து வரியின் தொடக்கத்தில் வராமல் அது பார்த்துக்கொள்கிறது.

கேரளத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சி. வி. ராதாகிருஷ்ணன் தொடங்கிய நிறுவனம் திருவனந்தபுரத்திலிருந்து உலகின் அறிவியல் சஞ்சிகைகளுக்கு டெக்கில் பக்கம் கட்டியது. 2002இல் உலக டெக் பயனர் மாநாடே அந்நகரில் நடந்தது. அவரே முன்னின்று நடத்திய சாயாஹ்ன அறக்கட்டளை மலையாள நூல்களை மின்னூலாகவும் அச்சுப் பக்கமாகவும் வெளியிடுகிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் இதே தொழிலில் பெரும் பெரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே கட்டப்படுவது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழாய்வு நூலுக்கு இந்தக் கவனம் கிடைப்பது இன்னும் அபூர்வம்.

தம்பியின் கைவண்ணம் முழுதும் தெரியும் இடம் தோட்டப் பெயர்கள். மலையகத்தில் ஒரு தோட்டத்துக்குத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. பழைய ஃபெர்குசன் டிரெக்டரி அந்தத் தமிழ்ப் பெயர்களையும் பட்டியலிட்டது. ஆய்வாளர்கள் ஆவணத்தை எடுத்தாளும்போது ஆங்கிலப் பெயரையும், ஆட்களின் பேச்சைத் தரும்போது தமிழ்ப் பெயரையும் எழுதுவார்கள். மின்னூலில் அவை வெறும் சொற்கள், சில இடத்தில் தடித்த எழுத்து. தம்பி 'தோட்டம்' என்று தமிழிலேயே ஒரு கட்டளை செய்தார். அதற்கு இரண்டு அடைப்பு, ஒன்றில் துரைப் பெயர், மற்றதில் மக்கள் பெயர். வாக்கியத்தில் ஆசிரியர் எழுதிய பெயர் மட்டும் வரும். சொல்லடைவில் இரண்டு பெயரும் ஏறி, ஒன்று மற்றதைச் சுட்டும். இது ஈபப்பில் இல்லாத செய்தி, பழைய அச்சுப் பதிப்பிலும் இல்லாதது. நூலை உட்கார்ந்து படித்த ஒருவர் மட்டுமே சேர்க்கக்கூடியது.

அந்தச் சொல்லடைவை அகரவரிசைப்படுத்தும்போது கணினி தன் குறியெண் வரிசையில் அடுக்கியது. யூனிகோட் அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' நிற்கும், 'ர'வுக்கு அடுத்தே 'ற' நிற்கும், 'ச'வுக்குப் பின்னால் 'ஜ' வந்து நுழையும், 'க்' என்பது 'கௌ'வுக்கும் பிறகு வரும். பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படித்த எவரும் இந்த அடைவில் எதையும் கண்டுபிடிக்க மாட்டார். தம்பி ஸிண்டி என்ற அடைவுக் கருவிக்குத் தமிழ் நெடுங்கணக்கை எழுதிக் கொடுத்தார். மெய் முதலில், உயிர்மெய் பிறகு. 'ழ', 'ள', 'ற', 'ன' கடைசியில், கிரந்த எழுத்துகள் அதற்கும் பின்னே. அந்தப் பட்டியலை நான் இரண்டு தரம் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், பிழை இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துவரவில்லை. நூற்பெயர்களைச் சாய்க்காமல் விட்டது சரி. தடித்த எழுத்தில் போட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உசாத்துணைப் பக்கத்தைத் திறந்தால் பக்கமே கறுத்துத் தெரிகிறது. ஒற்றை மேற்கோள் குறி போதும் என்கிறேன். தலைப்பகுதியில் ஒரு வரிதானே அண்ணே, பதிப்பாளர் சொல்லட்டும், மாற்றிவிடுகிறேன் என்கிறார்.