உறவுப்பெயரும் தத்துறவும்: ‘கோல்ட் கார்ட்’ நூலை முன்வைத்து

ஏமி கார்மைக்கேல் 1932இல் வெளியிட்ட ‘கோல்ட் கார்ட்’, நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த கிறித்தவக் குடும்பத்தின் வரலாறாகும். ஆங்கில நூலாயினும் அதன் உறவுப்பெயர்கள் தமிழே. நிறுவியவர் ‘அம்மா’, பணிசெய்த பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’. மாற்றாந்தாயையும் குறிப்பதால் ஐயத்தோடு நோக்கப்படும் ‘சித்தி’ என்னும் சொல், இங்கு அன்றாடப் பராமரிப்பால் தாய்மைப்பொருள் பெறுகிறது.

அன்று கிறித்தவர்க்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் காப்பாளர் நிலையை மட்டுமே அளித்தது. முழுமையான தத்தெடுப்புக்கு 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே வழிவகுத்தது. சட்டம் தராத உறவை விளிச்சொல் தந்தது. ஆயினும் நூலில் பேசுபவர் அம்மாவே; குழந்தைகளின் சொற்கள் அவரது எடுத்துரைப்பின் வழியே வருகின்றன. இவ்வரையறையையும் கருத்திற்கொண்டே நூலை மதிப்பிடுதல் தகும்.