அழுகையும் நகையும்: ஈரானியப் புதினம் இரண்டில் அயலார் நிழல்

ஒரு நாட்டின் அரசியலை அறிய விழைவார் உடன்படிக்கைகளையும் பாராளுமன்ற நடவடிக்கைகளையும் முதற்கண் நாடுவர். அது முறையே. எனினும், அவ்வுடன்படிக்கைகள் மக்கள் உள்ளத்தில் விளைத்த மாற்றத்தை அவற்றின் வாசகம் உரைப்பதில்லை. அதனை இலக்கியத்தின் வாயிலாகவே அறிதல் வேண்டும். இக்கருத்தை உளங்கொண்டு, பாரசீக மொழியில் எழுந்த புதினங்கள் இரண்டினை ஈண்டு ஒப்பிட்டு ஆராயப் புகுகின்றோம். ஒன்று, சிமின் தானேஷ்வர் 1969-இல் வெளியிட்ட 'சவுஷூன்'. மற்றொன்று, ஈரஜ் பெசஷ்க்சாத் 1973-இல் வெளியிட்ட 'தாயிஜான் நெப்போலியன்'. இரண்டும் இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டுப் படைகள் ஈரானுட் புகுந்த காலத்தையே களமாகக் கொண்டவை. முன்னது அழுகையைத் தலைமைச் சுவையாகவும், பின்னது நகையைத் தலைமைச் சுவையாகவும் கொண்டன. களம் ஒன்றாக இருக்கச் சுவை வேறுபட்டதன் காரணம் யாது என்பதே எம் வினா.

1. வரலாற்றுப் பின்புலம்

1907-இல் ஆங்கிலேயரும் இரசியரும் ஈரானியரைக் கேளாமலே அவர்தம் நாட்டைச் செல்வாக்கு மண்டிலங்களாகப் பகுத்துக்கொண்டனர். 1908-இல் மசிதே சுலைமானில் எண்ணெய் ஊற்றெடுத்தது. 1914-இல் ஆங்கில அரசே எண்ணெய்க் குழுமத்தின் பெரும்பங்கினை வாங்கியது. 1919-இல் ஈரானின் படையையும் நிதியையும் ஆங்கிலேய அறிவுரையாளர் கையில் ஒப்புவிக்கும் உடன்படிக்கை வரையப்பட்டபோது, அதன்பொருட்டு ஈரானிய அமைச்சர் மூவர் பணம் பெற்றமை பின்னர் வெளிப்பட்டது. 1941 ஆகஸ்டு 25-ஆம் நாள் ஆங்கிலேயப் படை தெற்கிலும் மேற்கிலும், சோவியத்துப் படை வடக்கிலும் நுழைந்தன. ஆங்கிலேயர் அனுப்பிய படையில் இந்திய வீரர் பெருந்தொகையினர் என்பதும் நினையத்தகும். அடுத்த திங்களிலேயே இரேசா ஷா முடிதுறந்து நாடு கடத்தப்பட்டார். மொரீசியசிலும் பின்னர்ச் சோகன்னசுபர்க்கிலும் வாழ்ந்து 1944-இல் மறைந்தார்.

இவ்விரு புதினங்களின் கதை நிகழ்ச்சி இக்காலத்தது; அவை எழுதப்பெற்ற காலமோ பிறிது. இடையே 1951-இல் எண்ணெய்த்தொழில் நாட்டுடைமையாயிற்று. 1953 ஆகஸ்டு 19-ஆம் நாள் பிரதமர் மொசத்தேக் ஆங்கில, அமெரிக்க உளவுத்துறைகளின் துணையுடன் வீழ்த்தப்பட்டார். அமெரிக்க உளவுத்துறை தன் பங்கினை 2013-இல் வெளிப்பட்ட ஆவணங்களில் ஒப்பியுள்ளது. ஆதலின் 1941-ஐப் பற்றிய இக்கதைகளை முதற்கண் படித்தோர் 1953-இன் நினைவோடு படித்தவராவர்.

2. 'சவுஷூன்': இழவும் வறுமையும்

சவுஷூன் என்பது சியாவுஷ் என்னும் பழங்கால இளவரசனுக்காகப் பார்ஸ் நாட்டார் நிகழ்த்தும் இரங்கற் சடங்கினைக் குறிக்கும் பெயர். பிர்தௌசியின் 'ஷாநாமா'வில் குற்றமற்ற இவ்விளவரசன் தீயிற்புகுந்து தன் தூய்மையை நிறுவிய பின்னரும், அயல்நாட்டிலே அநியாயமாகக் கொலையுண்கின்றான். தானேஷ்வர் இப்பழங்கதையின் சாயலை ஷிராஸ் நகரத்து நிலக்கிழான் யூசுப்பின்மேல் ஏற்றினார். தன் நிலத்து விளைவை அயற்படைக்கு விற்க மறுத்த யூசுப் சுடப்பட்டு இறக்கின்றான்.

எனினும் கதை யூசுப்பின் கண்வழி இயலவில்லை; அவன் மனைவி சரியின் கண்வழியே இயல்கின்றது. ஆளுநர் மகளின் திருமணத்தில் கதை தொடங்குகின்றது. ஊரில் உணவுப் பஞ்சம் நிலவ, அத்திருமணத்திற்கென மிகப்பெரிய ரொட்டி ஒன்று சுட்டு வைக்கப்பட்டுள்ளது. யூசுப் அதனைக் கண்டு சினக்கின்றான். சரியோ பிறர் செவியில் அச்சொல் வீழுமோ என அஞ்சுகின்றாள். அவளுடைய மரகதக் காதணி மணமகளுக்கென இரவல் வாங்கப்படுகின்றது. அவள் மகன் குஸ்ரோவின் குதிரையும் ஆளுநர் வீட்டாரால் கேட்டுப் பெறப்படுகின்றது. குதிரை இறந்ததென மகனிடம் பொய் கூறி, அதற்குக் கல்லறையும் அமைக்கின்றனர். நாட்டின் எண்ணெயும் தானியமும் சென்ற வழியினையே இவ்வீட்டுப் பொருள்களும் சென்றன என்பதை ஆசிரியர் வெளிப்படையாகக் கூறவில்லை. நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்தமையாலேயே அது புலனாகின்றது.

ஈண்டு உற்று நோக்கத்தக்கது பிறிதொன்றுண்டு. காதணியைக் கேட்டவரும் குதிரையைக் கேட்டவரும் ஆங்கிலேயர் அல்லர், உள்நாட்டு ஆட்சியாளரே. விளைவை விற்குமாறு யூசுப்பை நெருக்குபவன் பாராளுமன்ற உறுப்பினனாக விரும்பும் அவன் உடன்பிறந்தானே. எனவே, 'சவுஷூன்' ஏகாதிபத்திய எதிர்ப்புப் புதினம் என்னும் வழக்கமான மதிப்பீடு பாதியளவே பொருந்தும். அயலாரின் ஆற்றல் உள்ளூரார் கைகளின் வழியே தொழிற்படும் முறையினை வீட்டு வாழ்க்கையில் வைத்துக் காட்டியமையே இந்நூலின் தனிச் சிறப்பு என்பது எம் துணிபு.

குறையும் இல்லாமல் இல்லை. யூசுப் மாசற்றவனாகவே நின்றுவிடுகின்றான். பழங்கதைத் தலைவனின் சாயல் அவனை உயர்த்தியதோடு, அவன் நிலக்கிழான் என்பதனால் எழ வேண்டிய வினாக்களையும் மறைத்துவிட்டது. சரியின் அச்சமும் தயக்கமும் படிப்படியாக மாறும் இடங்களில் காணும் உயிர்ப்பு, யூசுப் பேசும் இடங்களில் இல்லை.

3. 'தாயிஜான் நெப்போலியன்': பேதைமையும் இளமையும்

'தாயி' என்னும் பாரசீகச் சொல் தாயுடன் பிறந்தானைக் குறிக்கும். தந்தையுடன் பிறந்தானுக்கு அம்மொழியில் வேறு சொல் உண்டு. ஆகவே இத்தலைப்பினை 'நெப்போலியன் மாமா' எனத் தமிழில் ஐயமின்றி வழங்கலாம். கதை கூறுபவன் பதின்மூன்றாண்டுச் சிறுவன். மாமன் மகளைக் காதலிப்பவன். மாமனோ படையில் சிறுபதவி வகித்து ஓய்வு பெற்றவர். தெற்கே கள்வர் சிலரோடு நிகழ்ந்த சிறு பூசல், அவர் சொல்லச் சொல்ல வளர்ந்து, ஆங்கிலப் பேரரசையே எதிர்த்த பெரும்போராக மாறுகின்றது. ஆங்கிலேயர் தம்மைப் பழிவாங்கக் காத்திருக்கின்றனர் என அவர் உறுதியாக நம்புகின்றார். அவர்தம் ஏவலன் மஷ்காசிம் அப்போர்களில் தானும் நின்றதாகச் சொல்லிக்கொள்கின்றான்.

இங்கு மற்றொரு நுட்பம் உண்டு. மாமனின் மயக்கத்தை வளர்ப்பவர் கதை கூறுவோனின் தந்தையே. குடும்பப் பகையினால் மாமனை இழிவுபடுத்த விரும்பிய அவர், ஆங்கிலேயரைப் பற்றிய அச்சத்தை வேண்டுமென்றே ஊதிப் பெரிதாக்குகின்றார். ஐயம் ஒருவரது நோயாக இருக்க, அது பிறிதொருவர் கையில் கருவியாகின்றது.

நகையும் அழுகையும் தோன்றும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைத்தார். நகைக்குரியவற்றுள் இளமையும் பேதைமையும் அடங்கும். அழுகைக்குரியவற்றுள் இழவும் வறுமையும் அடங்கும். அப்பகுப்பு இவ்விரு நூல்களுக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றது. மதில் சூழ்ந்த மாமனின் தோட்டத்தில் பசி பெரிதும் இல்லை. பசியில்லாத இடத்தில் அயற்படை ஒரு பேச்சாகவே நிற்கின்றது. பேச்சினைக் கொண்டு நகைக்க இயலும். சரி சிறைக்கும் மனநோயர் இல்லத்திற்கும் ரொட்டியும் பேரீச்சம்பழமும் சுமந்து செல்லும் ஊரில் அஃது இயலாது. சுவை வேறுபட்டதன் முதற் காரணம் இதுவே.

4. அயலார் இருவர்

ஒப்பீட்டிற்கு உரைகல்லாக இரு மாந்தரைக் காட்டலாம். 'சவுஷூனில்' சிங்கர் என்பவன் ஷிராசில் பல்லாண்டுகள் தையற்பொறி விற்றவன்; போர் தொடங்கியதும் ஆங்கிலப் படையுடையில் தோன்றுகின்றான். ஊரார் அவனை ஐயுற்றிருப்பின் அவ்வையம் மெய்யாகியிருக்கும். 'தாயிஜான் நெப்போலியனில்' அண்டை வீட்டில் வாழும் இந்தியர் ஒருவரை மாமன் ஆங்கிலேய ஒற்றர் என ஐயுறுகின்றார். அவ்வையம் பேதைமையாகவே முடிகின்றது.

மாமனின் பெயர் ஈரானிய வழக்கில் எங்கும் சூழ்ச்சி காணும் மனப்பான்மையைக் குறிக்கும் தொடராகவே நிலைத்துவிட்டது. 1976-இல் நாசர் தக்வாயி இயக்கிய தொலைக்காட்சித் தொடர் இப்பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது. இதனைக் கொண்டு, ஈரானியரின் அயலார் அச்சம் வெறும் மனநோய் எனக் கூறுவார் உளர். அது பொருந்தாது. 1907, 1919, 1941, 1953 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் கற்பனை அல்ல. மாமனின் பிழை ஆங்கிலேயர் சூழ்ச்சி செய்வர் என்று எண்ணியது அன்று. அச்சூழ்ச்சியின் நடுவில் தம்மை வைத்துக்கொண்டதே. பேரரசு அவரை நினைத்ததேயில்லை என்பதை அவரால் தாங்க இயலவில்லை.

இவ்வேறுபாட்டை உணராதார் இருசாராரும் இடர்ப்படுவர். 1953-இல் அயலார் துணையால் அரியணை காத்துக்கொண்ட முகமது இரேசா ஷா, 1979-இல் அதனை இழந்தபின் எழுதிய நூலில், தம் வீழ்ச்சிக்கு அயல் வல்லரசுகளையும் எண்ணெய்க் குழுமங்களையும் காரணமாக்கினார். அவருக்குப்பின் வந்த இசுலாமியக் குடியரசும் 2009-இலும் 2022-இலும் மக்கள் தெருவில் எழுந்தபோது அயலார் தூண்டுதல் என்றே கூறிற்று. மெய்யான வரலாறு, மக்களின் மெய்யான குறைகளைக் கேளாமைக்குச் சாக்காகின்றது. கதை கூறுவோனின் தந்தை ஊதிய நெருப்பு இதுவே.

5. முடிபு

இதுகாறும் கூறியவற்றான், இவ்விரு புதினங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது போதரும். அயலார் ஆதிக்கம் உள்ளூர்க் கைகளின்றி இயங்காது என்பதைத் தானேஷ்வர் காட்டினார். அவ்வாதிக்கத்தின் நினைவு உள்ளூரார் பகைக்குக் கருவியாதலைப் பெசஷ்க்சாத் காட்டினார். முன்னதை மட்டும் படித்தவர் எல்லாத் துயரையும் அயலார்மேல் ஏற்றக்கூடும். பின்னதை மட்டும் படித்தவர் எல்லா ஐயத்தையும் எள்ளக்கூடும். ஈரானின் அயலுறவை ஆராயும் மாணவர் இரண்டினையும் அடுத்தடுத்துப் பயிலுதல் வேண்டும் என்பது எம் கருத்து. இவ்விரு நூல்களுள் ஒன்றேனும் பாரசீக மூலத்தினின்று நேரே தமிழாக்கம் பெறின், அவ்வாராய்ச்சிக்கு அது பெருந்துணையாகும்.